ஃபோர்டு ஃபிகோ டீசல்: கம்பெனி போன பிறகும் ஓடும் வண்டி

2011ல் வாங்கிய ஃபிகோ 1.4 டீசலை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஓடோமீட்டர் லட்சத்தைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு அறிவித்ததிலிருந்து, வண்டியைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ஸ்பேர் கிடைக்குதா?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் வண்டி எப்படி ஓடுகிறது என்று யாருமே கேட்பதில்லை. அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

1,399 சிசி இன்ஜின், 69 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் சாதாரணம். ஆனால் 160 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) 2,000 ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) முழுதாக வந்துவிடுவதால் நான்கு பேரும் பெட்டிகளுமாகப் போகும்போதும் மூன்றாவது, நான்காவது கியரில் சளைக்காமல் இழுக்கும். அதைவிட முக்கியம் ஸ்டியரிங். இன்றைய சிறு கார்கள் எல்லாவற்றிலும் இருப்பது போன்ற எலெக்ட்ரிக் ஸ்டியரிங் இல்லை, பழைய ஹைட்ராலிக் வகை. பார்க்கிங்கில் கொஞ்சம் கனமாக இருக்கும், வேகம் கூடக்கூட உறுதியாகும். சாலை எப்படி இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வண்டியை ஓட்டியவருக்கு நான் மேற்கொண்டு எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுகிறவரை மனதில் வைத்து செய்யப்பட்ட வண்டி இது. பின்சீட்டில் உட்காருபவரை அந்த அளவுக்கு நினைக்கவில்லை என்பதும் உண்மை: விலை கூடிய டைட்டானியம் மாடலிலும் பின் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். என் மாமியார் இதை ஒருநாளும் மன்னித்ததில்லை.

குறைகள் வேறும் உண்டு. 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே இன்ஜின் தூங்கும். தாம்பரம் நெரிசலில் இரண்டாவது கியரா முதல் கியரா என்று கை யோசித்துக்கொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் டீசல் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். ஏசி மட்டும் அக்னி நட்சத்திரத்திலும் சில நிமிடங்களில் குளிர்த்திவிடும், அந்தக் காலத்து ஃபோர்டு உரிமையாளர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மைலேஜ் ஊருக்குள் 15, 16; நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 20ஐத் தொடும். இப்போதும் அப்படித்தான்.

இவ்வளவு நன்றாக வண்டி செய்கிற கம்பெனி ஏன் இங்கே நிற்கவில்லை? இந்தக் கேள்வியோடுதான் நான் ஃபோர்டின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான்: இந்தக் கம்பெனிக்கு ஒரு பொருளைப் பிரமாதமாகச் செய்யத் தெரியும், அது விற்கத் தொடங்கியதும் அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிடும். நூறு வருடத்துக்கு முன்பே இந்தப் பழக்கம் ஆரம்பித்துவிட்டது.

ஹென்றி ஃபோர்டு மிச்சிகன் மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. டெட்ராய்ட்டில் எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் இன்ஜினியராக இருந்துகொண்டே 1896ல் தன் முதல் வண்டியைச் செய்தார். 1899ல் தொடங்கிய முதல் கார் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனியில் பங்குதாரர்களோடு ஒத்துப்போகாமல் 1902ல் வெளியேறினார்; அவர் விட்டுப்போன அந்தக் கம்பெனிதான் பிறகு காடிலாக் ஆனது. மூன்றாவதாக 1903 ஜூன் 16ல் பதிவானதுதான் இன்றைய ஃபோர்டு மோட்டார் கம்பெனி. கையிருப்புப் பணம் 28,000 டாலர். முதல் காரை வாங்கியவர் சிகாகோவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர், விலை 850 டாலர்.

1908ல் மாடல் டி வந்தது. சேறும் மேடுமான கிராமத்துச் சாலைகளில் ஓடும், பழுதானால் விவசாயியே பிரித்துப் பூட்டிக்கொள்ளலாம். 1913ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்ப்ளி லைன் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஒன்றைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்த ஆண்டே அது ஒன்றரை மணி நேரமானது. ஆனால் ஒரே நட்டை நாள் முழுக்க முடுக்கும் வேலையில் யாரும் தங்கவில்லை. ஆள் சேர்ப்பதும் ஓடிப்போவதுமாக இருந்தது. அதற்கு மருந்துதான் 1914 ஜனவரியில் அறிவித்த நாளைக்கு 5 டாலர் கூலி. அதுவரை வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டு மணி நேரமானது. தர்மம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது நல்ல கணக்கு என்றுதான் தோன்றுகிறது. சும்மாவும் கொடுக்கவில்லை. குடிக்கிறாயா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாயா என்று வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்துத்தான் கொடுத்தார்கள்.

850 டாலரில் தொடங்கிய மாடல் டி விலை 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டிகள். ஆனால் மக்கள் மாறிவிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறம் நிறமாக, ஆண்டுதோறும் புது உருவத்தில், தவணையிலும் கார் விற்றது. ஹென்றி ஃபோர்டோ 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு நிறமே தரவில்லை. மகன் எட்செல் உட்பட யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் 1927ல் ஆலையை மாதக்கணக்கில் மூடி, புதிய மாடல் ஏ-வுக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் ஷெவ்ரோலே முன்னே போய்விட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஃபோர்டின் ஈகோஸ்போர்ட்தான் ஞாபகம் வந்தது. 2013ல் 5.59 லட்சம் ஆரம்ப விலையில் அது வந்தபோது இங்கே அடித்துப் பிடித்து முன்பதிவு செய்தார்கள். நான்கு மீட்டருக்குள் ஒரு எஸ்யூவி என்கிற ஆசையை நம் சந்தையில் பெரிதாகக் கிளப்பியதே அந்த வண்டி. பிறகு போட்டிக்கு 2016ல் மாருதி பிரெஸா, 2017ல் டாடா நெக்ஸான், 2019ல் ஹூண்டாய் வென்யூ என்று வரிசையாக வந்தன. ஈகோஸ்போர்ட்டோ முகத்தையும் டாஷ்போர்டையும் திருத்திக்கொண்டு, உடம்பு மாறாமல், 2021 வரை அப்படியே நின்றது. ஃபிகோவும் அப்படித்தான். 2010 மார்ச்சில் 3.49 லட்சத்துக்கு வந்து ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்த தலைமுறை ஃபிகோ வர 2015 ஆயிற்று. அதற்குள் ஸ்விஃப்டும் ஐ10 குடும்பமும் எங்கேயோ போய்விட்டன.

நடுவில் இருக்கும் அமெரிக்கக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ல் பெரும் ஆரவாரத்தோடு வந்து இரண்டே வருடத்தில் படுத்துவிட்ட, மகன் பெயரையே வைத்த எட்செல் கார். 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வந்து ஊரைக் கலக்கிய மஸ்டாங். 1966ல் லெமான்ஸ் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த ஜிடி40. பின்னால் இடித்தால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் என்று 1978ல் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வைத்த பின்டோ. என்னைக் கேட்டால் இவற்றைவிடச் சுவாரஸ்யம் 2006. போயிங்கிலிருந்து வந்து ஃபோர்டின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஆலன் முலாலி, கம்பெனியின் நீல ஓவல் சின்னத்தையும் சேர்த்து அடமானம் வைத்து 2,300 கோடி டாலருக்கும் மேல் கடன் ஏற்பாடு செய்தார். பைத்தியக்காரத்தனம் என்றவர்கள் உண்டு. 2009ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றப் படியேறியபோது ஃபோர்டு மட்டும் வெளியே நின்றது. அந்த நெருக்கடிக் காலத்தில்தான் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாடாவுக்கு விற்றது. பதினைந்து வருடம் கழித்து குஜராத்தில் இருந்த ஃபோர்டின் சனந்த் ஆலையும் டாடாவுக்கே 725.7 கோடி ரூபாய்க்குப் போனது. ஃபோர்டு எதை விற்றாலும் வாங்க டாடா தயாராக இருக்கிறார்கள் போல.

நம் ஊருக்கு ஃபோர்டு வந்தது இரண்டாவது முறை. 1926ல் ஒருமுறை வந்து, 1950களில் கடையைச் சாத்திக்கொண்டு போனது. 1995ல் மஹிந்திராவோடு கூட்டாக, சென்னைக்குப் பக்கத்து மறைமலை நகரில் திரும்ப வந்தது. எஸ்கார்ட், 1999ல் ஐகான், பிறகு எண்டவர், ஃபியஸ்டா. ஜிஎஸ்டி சாலையில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போய்வந்தவர்களுக்கு ஷிஃப்ட் பேருந்துகளும் லாரி வரிசையும் தெரிந்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு லட்சம் கார் செய்யக்கூடிய அந்த ஆலையிலிருந்து ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. டெட்ராய்ட்காரர்கள் மறைமலை நகர் வண்டி வாங்கி ஓட்டினார்கள் என்பதில் எனக்கு இன்னும் ஒரு அசட்டுப் பெருமை உண்டு. ஆனால் பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்கு வந்தது. மஹிந்திராவோடு மறுபடி சேர 2019ல் போட்ட திட்டமும் 2020 கடைசி நாளில் கைவிடப்பட்டது. சுமார் 4,000 பேர் வேலை கேள்விக்குறியானது. இழப்பீடு போதாது என்று 2022 மே, ஜூனில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அந்த ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது.

சரி, ஸ்பேர் கதை. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று அறிவித்தபோதே கம்பெனி சொல்லியிருந்தது. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், டைமிங் பெல்ட், லிங்க் ராடு, புஷ் போன்ற தேய்மானப் பொருள்கள் எதற்கும் நான் அலைந்ததில்லை. சென்னையின் உதிரி பாகக் கடைத்தெருவான ஜிபி ரோட்டில் கேட்டால் ஒரிஜினலும் கிடைக்கும், வெளிக் கம்பெனி தயாரிப்பும் கிடைக்கும். இடித்தால் மாட்டுகிற பொருள்களில்தான் பாடு: பம்பர், ஹெட்லைட், கதவு. பழைய மாடல் என்பதால் அவற்றைச் சிலர் மாதக்கணக்கில் தேடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள பழைய கதவுக்கு, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைதான் கதி. என் பின்கதவு அங்கிருந்து வந்ததுதான், பெயிண்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியவில்லை.

பராமரிப்பில் எனக்குக் கசப்பான அனுபவம் வண்டியால் வரவில்லை, ஒரு பணிமனையால் வந்தது. பெரிய போர்டு வைத்த இடம். சாதாரண சர்வீஸுக்கு விட்ட வண்டிக்கு, நான் கேட்காத இன்ஜின் சுத்திகரிப்பு, ஏசி சிகிச்சை என்று பில் நீண்டது. அப்புறம் தெருமுனை மெக்கானிக்கிடம் மாறினேன். அவர் முதல் நாளே சொன்னார்: "சார், இந்த இன்ஜின்ல ஆயிலை டைமுக்கு மாத்துங்க, பெல்ட்டை மறக்காதீங்க. வேற எதுவும் பண்ணாதீங்க." அதையே செய்துவருகிறேன். 2013ல் பின் சஸ்பென்ஷன் பாகத்துக்கும் ஸ்டியரிங் ஹோஸுக்குமாக ஃபிகோ, ஃபோர்டின் இன்னொரு காரான கிளாசிக் இரண்டிலும் சேர்த்து 1.66 லட்சம் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. என் வண்டியையும் இலவசமாகப் பார்த்து அனுப்பினார்கள்.

மற்ற உரிமையாளர்களோடு பேசினால் குரல்கள் ஓட்டும் வண்டிக்கேற்ப மாறுகின்றன. டீசல் மேனுவல் வைத்திருப்பவர்கள், அதிலும் 2015க்குப் பிந்தைய 100 குதிரைத்திறன் 1.5 டீசல்காரர்கள், வண்டியை விற்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். எண்டவர்காரர்கள் தனி ஜாதி. பழைய எண்டவருக்கு இன்றும் நல்ல விலை போகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் குரல் இறங்கும். பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உலகம் முழுக்க ஃபோர்டுக்குத் தலைவலி கொடுத்தது. அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018ல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே அமெரிக்காவில் எஃப் சீரிஸ் பிக்கப் ஓட்டுபவர்கள் அப்பா, பிள்ளை, பேரன் என்று கம்பெனியை மாற்றுவதே இல்லை. 1977 முதல் அங்கே அதிகம் விற்கும் பிக்கப் அதுதான். ஃபோர்டு எதில் மனதை வைக்கிறதோ அதை வாங்கியவருக்குக் குறையில்லை. சிறிய கார் வாங்கிய நாம் எப்போதும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள்தான்.

மறைமலை நகர் ஆலை மறுபடி திறக்கப்போகிறது என்ற செய்தியைக் காட்டி, ஃபோர்டு திரும்ப வருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக ஆலையைப் பயன்படுத்தப்போவதாகத் தமிழக அரசிடம் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் இறுதியில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிக்க ஒப்பந்தம் போட்டார்கள், உற்பத்தி 2029ல். நம் பகுதிக்கு வேலை வரும், நல்லது. ஷோரூமில் புது ஃபோர்டு பார்க்கலாம் என்று யாரும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

பழைய ஃபோர்டு வாங்க நினைப்பவர்களுக்கு: டீசல் மேனுவலாக இருந்தால் தைரியமாகப் பாருங்கள். கம்பெனி போன காரணத்தால் விலை குறைவாகவே கேட்பார்கள், இன்னும் குறைத்துப் பேசலாம். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். முன் சஸ்பென்ஷனில் தட்டும் சத்தம் கேட்கிறதா என்று மேடுபள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் சும்மா கிடைத்தாலும் யோசியுங்கள். முக்கியமாக, உங்கள் ஊரில் ஃபோர்டு தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள், வண்டியை அப்புறம் பார்க்கலாம். என் வண்டிக்குப் பதினைந்து வருடம் ஆகிறது. ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும், பசுமை வரி வேறு. ஒரு செகண்ட் ஹேண்ட் வியாபாரி சொன்ன விலையைக் கேட்டேன். அந்தப் பணத்துக்கு இப்போது நல்ல பைக் கூட வராது. புது டயர் போட்டுப் புதுப்பிப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.