குழந்தைக்கு எதைப் பழையதாக வாங்கலாம்? அக்கா வீட்டுப் பொருளும் முகம் தெரியாதவர் விற்கும் பொருளும்

பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியையோ உறவில் வளர்ந்துவிட்ட குழந்தையின் சட்டையையோ போடும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. ஆகவே, பழையது என்றாலே முகம் சுளிப்பது நமக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கம்தான். ஆனால் சட்டைக்குப் பொருந்தும் நியாயம் கார் இருக்கைக்குப் பொருந்தாது. ஒரு பொருளைப் பழையதாக வாங்கலாமா என்று தீர்மானிக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதற்குச் சேதம் ஏற்பட்டிருந்தால் அது கண்ணுக்கும் கைக்கும் அகப்படுமா?

அகப்படாத பொருள்களில் முதலாவது கார் இருக்கை. எங்கள் மகளுக்காக வேளச்சேரியில் ஒருவர் வீட்டில் ஓர் இருக்கையைப் பார்க்கப் போயிருந்தோம். உறை துவைத்து மணமாக இருந்தது, வார்ப் பூட்டு ‘டக்’கென்று விழுந்தது, விலையும் புதியதில் மூன்றில் ஒரு பங்குதான். கவிழ்த்துப் பார்த்தபோது அடிப்புறப் பிளாஸ்டிக்கில் சிறிய கடிகார முகம் போன்ற வட்டமும் அதன் நடுவில் 13 என்ற எண்ணும் பதிந்திருந்தன. 2013இல் வார்த்த பிளாஸ்டிக் என்று பொருள். இத்தகைய இருக்கைகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 6 முதல் 10 ஆண்டுகள் வரையே ஆயுள் குறிக்கிறார்கள். அதுவும் மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் பல கோடைகளைக் கழித்த பிளாஸ்டிக் என்றால் சொல்லவே வேண்டாம். விற்றவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரே அதை இன்னொருவரிடம் வாங்கியிருந்ததால், அந்த முதல் கார் எங்காவது மோதியதா என்பது அவருக்கும் தெரியவில்லை. மோதலில் உள்ளிருக்கும் நுரை விரிசல் விட்டிருந்தாலும் உறையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வெறுங்கையோடு திரும்பினோம்.

அதே இருக்கை அக்காவின் காரில் மூன்று ஆண்டுகள் இருந்து, அந்தக் கார் எதிலும் மோதவில்லை என்று அக்காவே சொல்லி, பொருத்தும் முறை எழுதிய கையேடும் கூடவே வந்தால் நான் தயங்காமல் வாங்கிக்கொள்வேன். இங்கே போட்டி பழையதற்கும் புதியதற்கும் இடையில் அன்று, வரலாறு தெரிந்த பொருளுக்கும் தெரியாத பொருளுக்கும் இடையில்தான். இவை இரண்டும் வேண்டாம், தாய் மடியே போதும் என்பவர்கள் உண்டு. திடீரென்று பிரேக் போடும் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்குட்பட்டவரைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. இரு சக்கர வாகனத்தில் 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரை மட்டும் புதிதாகவே வாங்கலாம். விலை குறைவு; வெயிலில் வெளிறிய நைலானின் பலத்தை இழுத்துப் பார்த்து அறிய முடியாது.

தூக்கத்துக்கு வந்தால், கம்பிச் சட்டமுள்ள பழைய கட்டில்தொட்டிலும் நம் தூளியும் எதிரெதிரே நிற்கின்றன. கட்டிலை அளவு நாடா கொண்டு சோதித்துவிடலாம்: கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, ஒரு திருகாணியும் குறையக் கூடாது, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது. பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகையாக இருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011இல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. கட்டில் பழையதாக இருக்கலாம், மெத்தை புதிதாக இருக்கட்டும். தூளியில் பழைய பருத்திப் புடவைதான் சிறந்தது என்றாலும், கொக்கியில் உராயும் மடிப்பை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இழை விலகியிருந்தால் புடவையை மாற்றிவிடுங்கள். மேலும் தூளியில் பச்சிளம் குழந்தையின் முகவாய் நெஞ்சில் சாய்ந்து மூச்சு தடைபடக்கூடும் என்பதால், ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் தூக்கத்துக்கு அது, இரவுத் தூக்கத்துக்கு மேடு பள்ளமில்லாத கெட்டிப் படுக்கை என்று நான் பிரித்துக்கொண்டேன். பாட்டி இதை ஒப்புக்கொள்ளவில்லை.

சக்கரம் வைத்த வட்ட வாக்கர் புதிதாக இருந்தாலும் வேண்டாதது. குழந்தை ஒரே உந்தலில் படிக்கட்டின் விளிம்புக்குப் போய்விடும் என்பதால் கனடா 2004இல் அதைத் தடை செய்தது. அங்கே பழையதை விற்பதும் குற்றம். அதற்கு எதிரே, குழந்தை தன் காலில் நின்று தள்ளும் மூன்று சக்கர மர நடைவண்டி, ஆணி நீட்டாமலும் சிம்பு எழாமலும் இருந்தால், தாத்தா காலத்தது ஆனாலும் சரிதான். ஒரே எச்சரிக்கை பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வண்ணம் பூசியது உரிந்து வருமானால், கடிக்கும் வயதுக் குழந்தையிடம் தர வேண்டாம். பூச்சே இல்லாத மரப்பாச்சிக்கு இந்தக் கவலை கிடையாது.

பால்புட்டியும் பாலாடையும் ஒப்பிடத் தேவையே இல்லாத ஜோடி: கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் புட்டியும் ரப்பர் காம்பும் குப்பைக்கு, எவர்சில்வர் பாலாடை கொதிநீருக்கு. தாய்ப்பால் எடுக்கும் மின்பம்பு வேறு ரகம். பலர் பயன்படுத்த என்றே செய்த மருத்துவமனைப் பம்பைத் தவிர மற்றவற்றில் மோட்டார் வரை பால் ஏறியிருக்கக்கூடும், அதைக் கழுவ வழியில்லை. ஆகவே உடன்பிறந்தவளுடையதாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

துணிமணி எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, கழுத்தில் கோத்த நாடாவை உருவி எறிந்துவிட்டு, ஒவ்வொரு பித்தானையும் பெருவிரலால் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். அக்கா தந்த பன்னிரண்டு சட்டைகளில் இரண்டின் பித்தான்கள் என் கையோடு வந்துவிட்டன.