டவுன்லோட் செய்த விஎம் ஸ்டார்ட் ஆகவில்லையா? விர்ச்சுவல்பாக்ஸோடு எட்டு வருட அனுபவம்

"அண்ணா, மூணாவது தடவையா இறக்கிட்டேன். இப்பவும் அதே எர்ரர்தான் வருது."

என்னிடம் லினக்ஸ் கற்றுக்கொள்ளும் தம்பி ஒருவன் ஒரு ராத்திரி போன் செய்து சொன்னது இது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இறக்கியது 3 ஜிபி வரும் பயிற்சி சர்வர் இமேஜ், அதாவது யாரோ தயாராகச் செய்து வைத்த ஒரு விஎம் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி). வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. ஒரு நாளைக்கு 2 ஜிபி மொபைல் டேட்டாவில், மூன்று தடவை இறக்க அவனுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் போயிருக்கிறது. கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது. அவன் முதல் தடவை இறக்கிய ஃபைலிலேயே எந்தக் கோளாறும் இல்லை.

விஎம்களை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை நான் போட்டது 2017 கடைசியில், 5.2 பதிப்பு வந்த புதிதில். அன்றிலிருந்து விண்டோஸிலும் லினக்ஸிலும் மாறி மாறி அதையே பயன்படுத்துகிறேன். 2024 நவம்பரில் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் எல்லோருக்கும் இலவசமானபோது அதையும் போட்டுப் பார்த்தேன், நல்ல மென்பொருள்தான். ஆனாலும் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு விர்ச்சுவல்பாக்ஸ்தான் எனக்குக் கைக்கு வருகிறது. முக்கியமான காரணம், ஒரு விஎம் எழும்பவில்லை என்றால் ஏன் எழும்பவில்லை என்பதை அது எழுதி வைத்துவிடுகிறது. அதை எங்கே படிப்பது என்று தெரியாமல்தான் பலரும் டிலீட் செய்துவிட்டு மறுபடி இறக்குகிறார்கள்.

முதலில் அந்த எர்ரர் பெட்டி. விஎம்மைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி இருக்கும், கீழே விவரம் என்ற பகுதியில் 80004005 என்று முடியும் ஓர் எண் இருக்கும். எல்லோரும் அந்த எண்ணைத்தான் கூகிளில் போட்டுத் தேடுவார்கள். அந்த எண்ணுக்கு 'தோல்வி' என்பதைத் தவிர வேறு பொருளே கிடையாது. நெட்வொர்க் கார்டு பெயர் தப்பாக இருந்தாலும் அதே எண், பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு) ஒரு சுவிட்ச் அணைந்திருந்தாலும் அதே எண். அதனால்தான் தேடினால் ஆளுக்கொரு தீர்வு வருகிறது, ஒன்றும் நமக்குப் பொருந்துவதில்லை. படிக்க வேண்டியது எண்ணுக்கு மேலே இருக்கும் வாக்கியத்தை.

அதுவும் புரியவில்லையா, விஎம் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து லாக்கை, அதாவது விர்ச்சுவல்பாக்ஸ் எழுதி வைக்கும் பதிவை, திறந்துவிட வேண்டும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம், கடைசிப் பகுதிக்குப் போய், 'பவர் அப் ஃபெயில்ட்' என்ற வரியைப் பிடித்து, அங்கிருந்து மேலே ஒரு இருபது முப்பது வரி படித்தால் போதும். எந்தச் சாதனம் முரண்டு பிடித்தது என்று அங்கே பெயரோடு இருக்கும்.

தம்பியின் லாக்கில் இருந்தது வி.டி.எக்ஸ் பயாஸில் முடக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி. இன்டெல் சிப்களில் வி.டி.எக்ஸ், ஏ.எம்.டி சிப்களில் ஏ.எம்.டி-வி. விஎம் ஓடுவதற்கென்றே ப்ராசஸருக்குள் இருக்கும் வசதி இது. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து, இந்த வசதி இல்லாமல் விர்ச்சுவல்பாக்ஸ் எந்த விஎம்மையும் ஓட்டாது. சரிபார்ப்பது சுலபம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொட்டால், வலது கீழ் மூலையில் 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அது 'டிசேபிள்ட்' என்றால் எத்தனை ஜிபி இறக்கியும் பயனில்லை. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இது அணைத்தே வருகிறது. பயாஸுக்குள் போய் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'எஸ்.வி.எம் மோட்' என்பதைத் தேடி இயக்கி, சேமித்துவிட்டு வர வேண்டும்.

போனிலேயே சொல்லிச் சொல்லி அதை முடித்தோம். விஎம் எழுந்தது. ஆனால் ஆமை வேகம். விர்ச்சுவல்பாக்ஸ் உண்மையாகவே ஓர் ஆமைப் படம் வைத்திருக்கிறது. ஓடும் விஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸோடு வரும் விஎம் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே வி.டி.எக்ஸைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். லாக்கில் இதற்கும் தடயம் உண்டு. வி.டி.எக்ஸ் கிடைக்கவில்லை, என்.இ.எம் என்ற அந்தச் சுற்றுவழிக்கு மாறிப் பார்க்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி, பின்னாலேயே 'இது ஒருவேளை வேலை செய்யலாம்' என்ற பொருளில் இன்னொரு வரி. என் கணினியில், ஒரு நிமிடத்துக்குள் எழும்புகிற உபுண்டு இந்த நிலையில் ஆறேழு நிமிடம் எடுத்திருக்கிறது. சில இமேஜ்கள் பாதியிலேயே நின்றுவிடும். புதிதாக வருபவர்கள் இதையும் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்றுதான் சொல்வார்கள்.

ஆமையை அனுப்ப, விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்புறமும் போகவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி'தான் காரணமாக இருக்கும். ஆனால் அது ஒரு பாதுகாப்பு வசதி. படிப்புக்கு மட்டும் வைத்திருக்கும் கணினியில் அணைக்கலாம். ஆபீஸ் வேலையும் வங்கி வேலையும் பார்க்கும் கணினியில் அணைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல் 2, மென்பொருள்களைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் இரண்டும் தினமும் தேவைப்படுகிறவர்களுக்கும் ஆமையோடு வாழ்வதே நல்லது, ஏனென்றால் அவையும் இதே அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

இதெல்லாம் நம் கணினி பக்கத்துச் சிக்கல். இன்னொரு பக்கம் இமேஜோடு ஒட்டிக்கொண்டு வருவது. ஓ.வி.ஏ என்று இறங்கும் ஃபைல் உண்மையில் ஒரு டார் மூட்டை. செவன்-ஜிப்பில் திறந்து பார்க்கலாம். உள்ளே வி.எம்.டி.கே என்ற டிஸ்க் இருக்கும், ஓ.வி.எஃப் என்ற சின்ன எக்ஸ்.எம்.எல் ஃபைல் இருக்கும், பெரும்பாலும் செக்சம் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் மதிப்பு) எழுதிய ஃபைலும் இருக்கும். அந்த ஓ.வி.எஃப்பில் இமேஜைச் செய்தவர் தன் விஎம்முக்கு வைத்திருந்த அமைப்பு அப்படியே பதிந்திருக்கும். அவர் 8 ஜிபி ரேம் கொடுத்திருந்தால் நம் 8 ஜிபி மடிக்கணினியிலும் 8 ஜிபி கேட்கும். அவர் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க் (விஎம்மும் அதை ஓட்டும் கணினியும் மட்டும் பேசிக்கொள்வது) வைத்திருந்தால், அந்தப் பெயரில் நம்மிடம் ஒரு அடாப்டர் இல்லை என்று கிளம்பும்போதே நின்றுவிடும். இம்போர்ட் செய்த கையோடு ரேமைப் பாதியாகக் குறைத்து, நெட்வொர்க்கை நாட் (நம் கணினியின் இணைப்பையே பகிரும் முறை) என்று மாற்றி, ஷேர்டு ஃபோல்டர் ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டுத்தான் நான் ஸ்டார்ட் பட்டனையே தொடுவேன். 7.0 வருவதற்கு முன்னால் யுஎஸ்பி 2.0 அமைப்புள்ள விஎம், எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு இல்லாத கணினியில் கிளம்பவே கிளம்பாது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த வகையான வி.டி.ஐ டிஸ்க் மட்டும் இறங்கினால் கதை வேறு. விஎம்மை நாமே உருவாக்கி, அந்த டிஸ்க்கை மாட்ட வேண்டும். இங்கே என்னை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்தது இ.எஃப்.ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய பூட் முறை) டிக். கறுப்புத் திரை, மேலே சில வரிகள், கீழே 'ஷெல்' என்று மஞ்சள் எழுத்தில் ஒரு கேள்வி மாதிரி நிற்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் டிஸ்க் அது, நான் இ.எஃப்.ஐயை இயக்கி வைத்திருந்தேன். சிஸ்டம் அமைப்பில் அந்த டிக்கை எடுத்ததும் பத்து விநாடியில் பூட் மெனு வந்தது. நேர்மாறாகவும் நடக்கும். இ.எஃப்.ஐ டிஸ்க்கை அந்த டிக் இல்லாமல் மாட்டினால் பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க்கை சாட்டா கன்ட்ரோலரில் மாட்டி நீலத்திரை வந்தால், பழைய வகையான ஐ.டி.இக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஃபைலே கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லையா? உண்டு, அதனால்தான் முதல் வேலையாக எஸ்.எச்.ஏ 256 என்ற செக்சம் மதிப்பைப் பார்க்கச் சொல்கிறேன். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் எஸ்.எச்.ஏ 256 சம், இரண்டும் கூடவே வரும் கருவிகள். ஒரு கட்டளை, சில விநாடிகள். டவுன்லோட் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளோடு ஒத்துப்போனால் இமேஜ் முழுசாக வந்துவிட்டது, மறுபடி இறக்க வேண்டிய தேவையே இல்லை. தம்பி இதை முதல் நாளே பார்த்திருந்தால் 6 ஜிபி மிஞ்சியிருக்கும். பென் டிரைவில் வாங்கிக்கொள்பவர்களுக்கு ஒன்று: ஃபேட் 32 பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்-ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் ஹோஸ்டில், அதாவது விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும் லினக்ஸ் கணினியில், எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, வகுப்பு தொடங்க அரைமணி நேரம் இருக்கையில் ஒரு விஎம்மும் கிளம்பவில்லை. முந்தின ராத்திரி கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் ஆகியிருந்தது. 6.12 கர்னலிலிருந்து லினக்ஸின் சொந்த விஎம் வசதியான கே.வி.எம் மாட்யூல் ஏறும்போதே ப்ராசஸரின் விர்ச்சுவலைசேஷனைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது, அதனால் என் விர்ச்சுவல்பாக்ஸுக்கு இடம் கிடைக்கவில்லை. செய்தியிலேயே கே.வி.எம் என்று இருந்ததால் பிழைத்தேன். கே.வி.எம் இன்டெல் மாட்யூலை கர்னலிலிருந்து நீக்கியதும் எல்லாம் எழுந்தன. கர்னல் டிரைவர் இல்லை என்று செய்தி வந்தால் அது வேறு விஷயம். கையொப்பமில்லாததை ஏற்றாத செக்யூர் பூட் இயங்கும் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூலுக்குக் கையொப்பம் வேண்டும்.

எம் வரிசை சிப் உள்ள மேக் வைத்திருப்பவர்கள் இவ்வளவும் பார்க்கத் தேவையில்லை. 2024 செப்டம்பரில் வந்த 7.1 பதிப்பிலிருந்து அந்த மேக்குகளில் விர்ச்சுவல்பாக்ஸ் ஆர்ம் (எம் சிப்களின் வகை) விஎம்களை ஓட்டுகிறது, ஆனால் இன்டெல் வகைக்குச் செய்த இமேஜ் அதில் ஓடாது. ஆர்ம் என்று குறிப்பிட்ட இமேஜைத்தான் இறக்க வேண்டும்.

அன்று ராத்திரி ஆமையும் போனபின் தம்பியின் சர்வர் சுறுசுறுப்பாக எழுந்து லாகின் கேட்டது. போனை வைத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு. "அண்ணா, யூசர் நேம் அடிக்குது, பாஸ்வேர்ட் கிட்ட கீபோர்டு வேலை செய்யல." எழுத்துத் திரையில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூட வராது, அப்படியே அடித்து என்டர் தட்டு என்றேன். இரண்டு விநாடி அமைதி. பிறகு அந்தப் பக்கம் அவன் அம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.