மூன்று கோடை உழைத்த ஜின்பெய்: துணி சரி, அந்த உள் நாடா?

முன்னோரை நினைக்கும் ஆகஸ்ட் விழாவான ஒபோன் முடிந்ததும் ஜப்பானியக் கடைகளில் கோடை உடுப்பின் விலை இறங்கும். பையனுக்கு ஜின்பெய் என்ற கோடை உடுப்பு எடுக்கலாமா என்று பலர் கேட்பதும் அப்போதுதான். குட்டை மேல்சட்டை, எலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டை, யுகாதா என்ற நீள அங்கி போல ஓபி (இடைக்கச்சை) கட்டும் வேலை இல்லை. இதெல்லாம் தெரிந்ததே. மூன்று கோடை உழைத்த 110 அளவு (110 செ.மீ. உயரப் பிள்ளைக்கு) என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

முதல் திட்டு உள் நாடாவுக்கு. வலது முன்துண்டின் ஓரத்து நாடாவை இடது அக்குளுக்குக் கீழே உள்பக்கம் தைத்திருக்கும் நாடாவோடு முடிய வேண்டும். அதன்மேல் இடது துண்டு, வலப்பக்கம் வெளியே இன்னொரு முடிச்சு. (இடது துண்டுதான் மேலே. மாற்றிப் போட்டால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.) வெளி முடிச்சு அவிழ்ந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே அவிழ்ந்தால் கழுத்து அகன்று, ஒரு பக்கம் தொங்கிய பிறகே தெரியும். திருவிழாக் கூட்டத்தில் சட்டைக்குள் கைவிட்டு நாடாவைத் துழாவ வேண்டும். சுருக்கு முடிச்சு செங்குத்தாக நின்றால் இரண்டாம் சுற்று தப்பு. நாலு எட்டு ஓடினாலே நழுவும். கிடையாகப் படுத்தால்தான் நிற்கும்.

இதற்கு மருந்து 10 மி.மீ. பிளாஸ்டிக் பிரஸ் பட்டன். மெல்லிய துணியில் நேரே அடித்தால் இழுபட்டுக் கிழியும். உள்ளே 2 செ.மீ. சதுரப் பருத்தித் துண்டு வைத்துத் தைத்துவிட்டு அடிக்கவும். சில உடுப்புகள் பட்டனோடே வருகின்றன. எல்லாவற்றிலும் வைத்தால் என்ன கேடோ!

தோள் மூட்டில் காற்றுக்காக விட்ட இடைவெளியைக் கோக்கும் ஏணி நூலும் லேசுப்பட்டதல்ல. பிஞ்சு விரல் அதில் மாட்டும். கையை முஷ்டியாக மடக்கித்தான் நுழைக்க வேண்டும். ஓரிடத்தில் அறுந்தால் வரிசை முழுதும் தளரும். திண்ணமான பருத்தி நூலால் மறுபடி கோக்கும்போது 5 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்டால் அறுந்தாலும் அந்த அளவோடு நிற்கும்.

துணியைக் குறை சொல்ல வாய் வராது. ஜப்பானின் தோகுஷிமா பகுதிக்குரிய ஷிஜிரா நெசவில் பாவு நூல்களின் இறுக்கம் ஒரே சீராக இருக்காது. அதனால் துணி பொடிப்பொடியாகச் சுருங்கி, வியர்த்த முதுகில் ஒட்டாமல் நிற்கிறது. அழுத்தி இஸ்திரி போட்டால் அந்தச் சுருக்கமே போய்விடும். ஈரத்தோடு உதறி நிழலில் காயப்போட்டால் போதும். கருநீலம் முதல் சலவையில் சாயம் விடும், தனியே துவைக்கவும். நாடாக்களை முடிந்து வலைப்பைக்குள் போடாவிட்டால் இயந்திரத்திலிருந்து சடைதான் வெளியே வரும்.

எதிர்பாராத லாபம் தோள் டக். சட்டை பக்கத்துக்கு 6 செ.மீ. கூடுதல் அகலமென்றால், தோளில் 3 செ.மீ. ஆழத்துக்கு மடித்து ஓட்டுத்தையல் போடலாம். வளர வளரப் பிரித்துவிடலாம். பெரிய அளவை டக் பிடிக்காமல் போட்டால், முன்துண்டு அதிகம் ஏறி உள் முடிச்சு முதுகுப் பக்கம் போய்விடும். மறுபடியும் அந்த நாடா!

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். ஆனாலும் அடுத்த கோடைக்கு 120 அளவு, தும்பி போட்டது, வாங்கியாயிற்று.