2000 வாட் என்று போட்டிருக்கும், உள்ளே பாதிதான் இருக்கும்

ஹீட்டர் ராடு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அட்டைப்பெட்டியிலும் கைப்பிடியிலும் 230 வோல்ட், 2000 வாட் என்று பளிச்சென்று அச்சடித்த ராடு ஒன்றை வாங்கினேன். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட்டுக்கு ஏறக்குறைய 25 நிமிடம் போதும். இதுவோ முக்கால் மணி நேரம் தாண்டியும் இழுத்துக்கொண்டே இருந்தது.

கடையில் கேட்டால், “உங்க வீட்ல லோ வோல்டேஜ் சார், ராடு என்ன பண்ணும்?” என்றார்கள்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று ராடு ஓடும்போதே மீட்டர் வைத்தேன். 228 வோல்ட், 4.4 ஆம்பியர். (இரண்டு கம்பியும் சேர்ந்த வயரின் மேல், கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும், ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். அதற்காக வயரை வெட்டாதீர்கள். ப்ளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைக்கிறது.) இரண்டையும் பெருக்கினால் 1003 வாட். அச்சடித்ததில் பாதி!

வோல்டேஜ் மேல் பழி போடுகிறவர்களை ரெசிஸ்டன்ஸ் (மின்சாரத்துக்குக் கம்பி தரும் தடை, ஓம் கணக்கில் அளப்பது) கணக்குதான் மடக்கும். வாட் என்பது வோல்டேஜோடு சேர்ந்து ஏறி இறங்கும். ராடுக்குள் சூடாகும் கம்பிச் சுருளின் ஓம் அப்படியல்ல, ராடு செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. 228ஐ 4.4ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 52 ஓம். உண்மையான 2000 வாட் ராடில் 230 × 230 ÷ 2000, அதாவது 26.5 ஓம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ராடு 1000 வாட்டுக்கு இறங்க வேண்டுமானால் வோல்டேஜ் 163க்கு விழுந்திருக்க வேண்டும். என் வீட்டில் 228 இருந்தது.

இதைச் சொன்னதும், “சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும் சார்” என்று அடுத்த சாக்கு. ஏறும்தான், ஆனால் ஹீட்டர் சுருளில் இருக்கும் நிக்ரோம் கம்பியில் சில சதவீதம் மட்டுமே. குண்டு பல்பின் டங்ஸ்டன் இழையில்தான் பத்து மடங்குக்கு மேல் ஏறும். ப்ளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு அதன் இரண்டு பின்களில் ஓம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன்: 51 ஓம். சூடாவதற்கு முன்பே அவ்வளவு!

கடைசியாக, “வாட் கம்மின்னா பில்லும் கம்மிதானே” என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்ததே இதில்தான். அதே தண்ணீருக்கு அதே வெப்பம் வேண்டும். பாதி வாட் என்றால் இரண்டு மடங்கு நேரம். அந்த நேரமெல்லாம் வாளியிலிருந்து சூடு வெளியேறுவதால் யூனிட் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ராடை மாற்றித் தரவே இல்லை.

வாங்கும்போதே பின்களில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 230 வோல்ட் ராடு என்றால் 1000 வாட்டுக்கு 53 ஓம், 1500க்கு 35, 2000க்கு 26.5. ஐந்து, பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. மோட்டார் உள்ள சாதனங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, சுருள் ஹீட்டருக்கு மட்டும்தான்.

ஓம் இதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் இன்னும் உஷாராக இருங்கள். 1000 வாட் என்று விற்ற ராடில் 26 ஓம் இருந்தால் அது 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் ப்ளக்கும் மெல்லிய வயரும் அதைத் தாங்காது, உருகித் தீப்பிடிக்கலாம். அதைச் செருகவே செருகாதீர்கள்.