குடிக்கிறவர் வீட்டுக்கு எந்த கவுன்சலிங் சரி? மூன்றுக்கும் போன அனுபவம்

வீட்டுக்காரர் குடிக்கிறார், நான் யாரிடம் போய்ப் பேசுவது என்று தேடிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் தம்பதி கவுன்சலிங், தனி கவுன்சலிங், குடிக்கிறவர்களின் வீட்டார் கூடிப் பேசும் அல்-அனான் கூட்டம் என்று மூன்றுக்கும் போயிருக்கிறேன். எதை முதலில் எடுப்பது என்பதுதான் முக்கியம்.

நாங்கள் முதலில் போனது தம்பதி கவுன்சலிங்குக்கு. ஒரு தனியார் மையம், பெயர் வேண்டாம். இடம் சுத்தம், சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள், அந்த மேடமும் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் எடுத்த எடுப்பிலேயே இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து "வாரத்துக்கு எத்தனை நாள் குடிப்பீங்க?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "எப்பவாவதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அதே வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து நான் வீட்டுக்குப் போயாக வேண்டும், அப்புறம் எப்படி வாயைத் திறப்பது? நல்ல இடமாக இருந்தால் முதலில் தனித்தனியாக அழைத்து, அடி உதை உண்டா, பயம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்த்து உட்காரவைப்பார்கள். போன் செய்யும்போதே இதை விசாரியுங்கள். அடிக்கிற வீடு என்றால் தம்பதி கவுன்சலிங் வேண்டவே வேண்டாம், அங்கே சொன்ன வார்த்தைக்கு ராத்திரி வீட்டில் அடி விழும். பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

தனி கவுன்சலிங் எனக்குப் பிடித்தது. நகைக்கடன், தூக்கமில்லாமை, பிள்ளைகள் முன்னால் நடக்கும் சண்டை, எல்லாவற்றையும் முழுசாகச் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். போர்டு மாட்டியவர்கள் எல்லாம் படித்தவர்கள் இல்லை, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அல்-அனான் என்பது குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கான கூட்டம். குடியை விட நினைப்பவர்களுக்கான ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில்லின் மனைவி லோயிஸ், 1951-இல் அமெரிக்காவில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது, மனசிருந்தால் ஏதாவது கொடுக்கலாம். தெரபிஸ்ட் யாரும் இல்லை, அதனால் இதைக் குழு சிகிச்சை என்று நினைத்துப் போகாதீர்கள், சிகிச்சை வேண்டுமென்றால் அதற்குத் தனியாகத்தான் போக வேண்டும். ஆனால் நான் தண்ணீர் பாட்டிலை மோந்து பார்ப்பதையும், அவர் குளிக்கப் போனதும் சட்டைப் பையைத் துழாவுவதையும் சொன்னபோது எதிர் வரிசை மொத்தமும் தலையாட்டியதே, அது எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை, "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் குடிக்க நான் காரணமில்லை, அதை என்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். சொந்தபந்தம் எல்லாம் என்னைக் குறை சொன்ன பிறகு இதைக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

என் கணக்கில் அல்-அனானும் தனி கவுன்சலிங்கும் முதலில், கணவர் வருவாரா மாட்டாரா என்று காத்திருக்காமல். குடியை நிறுத்துவதற்கு டாக்டர் வேண்டும், நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இந்திரா நகரில் உள்ள டிடிகே மருத்துவமனையில் குடும்பத்தினருக்கும் தனியாக நிகழ்ச்சி உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது அது. தம்பதி கவுன்சலிங் கணவர் குடியை விட்ட பிறகுதான், அப்போது நிஜமாகவே பலன் இருக்கிறது, பணம், பிள்ளைகள், பழைய கோபம் என்று இரண்டு பேரும் நிதானத்தில் பேச முடிகிறது.

கையில் காசே இல்லை, வெளியே போகவும் முடியாது என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.