பயோஃபிலிம் எடுக்கும் என்சைம் கிளீனர்: விற்பவர் சொல்வதில் பாதி உண்மை

உணவு பதப்படுத்தும் லைனுக்காக வாங்கிய ஒரு என்சைம் கிளீனர் பற்றிய விமர்சனம் இது. பிராண்டு பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் வருவதெல்லாம் ஏறக்குறைய ஒரே கலவைதான்: புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ், மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ், கொழுப்பை வெட்டும் லைபேஸ், சிலவற்றில் தாவர நாரை வெட்டும் செல்லுலேஸ், கூடவே அழுக்கைப் பிரிக்கும் சோப்பு மாதிரியான சர்ஃபாக்டன்ட் கொஞ்சம். பொருள் வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் "இதைப் போட்டால் கிருமியெல்லாம் செத்துவிடும், சானிடைசரே (கிருமி கொல்லும் மருந்தே) வேண்டாம்" என்று விற்க வந்தவர் அளந்தார் பாருங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். இந்த என்சைம்கள் கிருமியைக் கொல்வதில்லை.

காஸ்டிக் (காரச் சோடா), குளோரின் எல்லாம் ஒழுங்காகப் போட்டும், பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பார்க்கும் ஸ்வாபில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப கிருமி கவுன்ட் ஏறுகிறதென்றால் பயோஃபிலிம்மீது, அதாவது பரப்பில் ஒட்டி வளரும் கிருமிப் படலத்தின்மீதுதான் சந்தேகப்பட வேண்டும். பாக்டீரியா ஸ்டீலிலோ ரப்பரிலோ ஒட்டியதும் சர்க்கரைச் சங்கிலி, புரதம், டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு பிசினைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும், மேலே ஊற்றுகிற குளோரினில் பெரும்பகுதி அந்தப் பிசினோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். தண்ணீரில் மிதக்கும் செல்லோடு ஒப்பிட்டால் 1000 மடங்கு வரை கூடத் தாங்கும் என்கிறார்கள். உணவு வழியாக நோய் தரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இன்னும் மோசம், 4 டிகிரி குளிரிலும் மெதுவாகப் பெருகும், குளிர் அறையை நம்பித் தூங்க முடியாது.

சரி, கிளீனருக்கு வருவோம். அது அந்தப் பிசினை வெட்டித் தளர்த்துகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. எங்களுக்கு வந்த கேனின் தகவல் தாளில் 45 முதல் 50 டிகிரி வெந்நீர், நடுநிலைக்குப் பக்கத்தில் பிஹெச், அரை மணி நேரம் ஊற வேண்டும் என்று போட்டிருந்தது. இங்கேதான் பல இடங்களில் காரியம் கெட்டுப்போகிறது, ஏனென்றால் காஸ்டிக் ஓட்டிப் பழகிய கை தானாகவே 75 டிகிரியைத் திருப்பும், அந்தச் சூட்டில் இந்த மாதிரி என்சைம்கள் பெரும்பாலும் செயலிழந்துவிடும், அப்புறம் நீங்கள் ஊற்றுவது விலை உயர்ந்த வெந்நீர். முந்தைய ஷிஃப்டின் குளோரின் தங்கியிருந்தாலும் இதே கதிதான். நன்றாக அலசிவிட்டுத் தொடங்குங்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கன்வேயர் பெல்ட்டின் கீல் இடுக்கு கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. ஊறவைத்துக் கட்டைப் பிரஷ்ஷால் தேய்த்ததும் சாம்பல் நிறத்தில் இழை இழையாக வழுவழுவென்று வந்தது. கேஸ்கெட்டை (இணைப்பில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை) கழற்றி அதன் உட்பக்கப் பள்ளத்தைத் தேய்த்தால் அங்கேயும் அதே சங்கதி, ஒரு புளித்த வாடையோடு.

முதல் தடவை கழுவி முடித்ததும் ஏடிபி மீட்டர் (உயிர்ப்பொருளில் இருக்கும் ஏடிபி என்ற வேதிப்பொருளை ஸ்வாபில் அளக்கும் கருவி) முன்பைவிட அதிகம் காட்டலாம், பதறாதீர்கள். ஒளிந்திருந்தது இப்போது வெளியே வந்திருக்கிறது, ஸ்வாப் அதைப் பிடிக்கிறது. அலசிவிட்டுப் பெராசெட்டிக் அமிலம் போன்ற சானிடைசர் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் கிளப்பிவிட்டதை லைன் முழுக்கப் பரப்பிவிட்டதாக ஆகும். ஏடிபி உணவு மிச்சத்தையும் கணக்கில் எடுக்கும், எந்தக் கிருமி என்று சொல்லாது, அதனால் லிஸ்டீரியா சோதனையைத் தனியாக லேபுக்கு அனுப்பத்தான் வேண்டும்.

பயோஃபிலிம் இருக்கும் இடத்தைக் காட்டும் என்று கூடவே தலையில் கட்டப் பார்த்த, பெராக்சைடு கலந்த நுரைக்கும் ஸ்ப்ரே எனக்குத் திருப்தியில்லை. பாக்டீரியாவின் கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்சைடை உடைப்பதால் நுரை வருகிறது, இடம் தேட உதவும்தான். ஆனால் லாக்டிக் அமில பாக்டீரியா பலவற்றில் கேட்டலேஸ் கிடையாது, நுரையே வராது. இறைச்சி ரத்தம் ஒட்டியிருந்தால், அதிலும் கேட்டலேஸ் இருப்பதால், கிருமி இல்லாமலும் நுரை பொங்கும்.

இந்தக் கிளீனரால் ஆகாதவையும் உண்டு. கால்சியம் படிந்த இடத்தில் முதலில் ஆசிட் ஓட்டியாக வேண்டும். கீறல் விழுந்த பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும், தண்ணீர் ஓடாத முட்டுச்சந்துப் பைப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இயந்திரத்தைக் கழற்றாமல் மேலே நுரையடித்தால் உள்ளே இருப்பது உள்ளேயேதான் இருக்கும். 2008-இல் கனடாவில் 20 பேருக்கு மேல் உயிரிழந்த லிஸ்டீரியா பரவலில், இறைச்சி சீவும் இயந்திரங்களின் ஆழத்தில் சேர்ந்திருந்த பாக்டீரியாதான் மூலமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள்.

காஸ்டிக்கைவிட விலை அதிகம், தினமும் கட்டுப்படியாகாது. வழக்கமான சுத்தத்துக்கு இடையிடையே, தொந்தரவு கொடுக்கும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பவுடரைவிட திரவம் நல்லது, என்சைம் தூசியைச் சுவாசித்தால் ஆஸ்துமா மாதிரி ஒவ்வாமை வரலாம். திரவத்தையும் புகை மாதிரி ஸ்ப்ரே செய்யாமல் நுரையாகப் போடுங்கள், மாஸ்க் அவசியம். 5-க்கு 4 கொடுப்பேன். வாங்கும் முன் எந்தெந்த என்சைம், எந்தச் சூட்டில், எந்த பிஹெச்-இல் என்று எழுத்தில் கேளுங்கள். தராமல் மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.