ஆகாசவாணியா, பிபிசியா: பிழை நடந்த பிறகு யார் என்ன செய்கிறார்கள்?

ஒரு வருடமாக எங்கள் வீட்டில் இரவு விவாத நிகழ்ச்சிகள் ஓடுவதில்லை. காரணத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், நடுவில் விளம்பரம் வரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலும், விவாதத்துக்கு வந்த மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

நிறுத்தியாயிற்று. அப்புறம் நாட்டு நடப்புக்கு எதை நம்புவது? லாபத்துக்காக நடக்காத, பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு செய்தி நிறுவனம்தான் வேண்டும் என்று தோன்றியது. எனக்கு எட்டும் தூரத்தில் இரண்டு இருந்தன. ஒன்று, நம் நாட்டின் பொது ஒலிபரப்பு அமைப்பான பிரசார் பாரதியின் ஆகாசவாணி செய்திகளும் டிடி தமிழும். இன்னொன்று, பிபிசி தமிழும் ஆங்கிலத்தில் வரும் பிபிசியின் அரசியல் நிகழ்ச்சிகளும். பல மாதம் இரண்டையும் சேர்த்தே வைத்துப் பார்த்தேன். இப்போது காலையில் ஆகாசவாணியின் செய்தியறிக்கை, அரசியலைப் புரிந்துகொள்ள பிபிசி என்று வந்து நிற்கிறேன். சாய்வு பிபிசி பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆகாசவாணியின் பலம் எல்லோரும் அறிந்தது. பதறாத குரல், சுருக்கமான வாக்கியம், சுத்தமான உச்சரிப்பு. சரோஜ் நாராயணசுவாமி வாசித்த காலத்தில் பழகிய காதுகளுக்கு அந்தத் தரம் என்னவென்று தெரியும், இன்றும் அது பெருமளவு இருக்கிறது. புயல் எச்சரிக்கை, தேர்தல் தேதி, அரசாணை, அணை நீர்மட்டம் இவற்றுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. இணையம் வேண்டாம், ஒரு சின்ன ரேடியோ போதும். பிபிசி தமிழில் இப்போது அந்த வசதி கிடையாது. 1941-இல் தொடங்கிய தமிழோசை வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இரவில் சிற்றலையில் முள்ளைத் தேடித் தேடி அதைக் கேட்டவர்களுக்கு அது பெரிய இழப்பு. எனக்கும்தான்.

இந்தியாவில் வானொலிச் செய்திக்கு மட்டும் ஒரு தனி நிலைமை இருக்கிறது. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகமாகவும் இருக்கக் கூடாது, தனியாரின் ஏகபோகமாகவும் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ரேடியோவை மட்டும் நம்பியிருக்கும் ஒருவருக்கு அரசியல் செய்தி இன்றுவரை ஒரே வாசலில்தான் வருகிறது. அதனால்தான் ஆகாசவாணி எப்படிச் செய்தி சொல்கிறது என்பது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

அரசியல் செய்தியை இரண்டும் கையாளும் விதம் கேட்டவுடனே வித்தியாசப்படும். ஆகாசவாணியில் செய்தி பெரும்பாலும் 'கூறினார்', 'தெரிவித்தார்', 'வலியுறுத்தினார்' என்று முடியும். பிரதமர் கூறியது முதலில், மத்திய அமைச்சர் தெரிவித்தது அடுத்து, எதிர்க்கட்சி வலியுறுத்தியது நேரம் இருந்தால். சொன்னது உண்மையா, போன வருடம் இதே ஆள் என்ன சொன்னார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. பிபிசி தமிழின் கட்டுரைகளில் அந்தக் கேள்விதான் மையம். ஒரு சட்டம் வந்தால் அதில் என்ன இருக்கிறது, யாருக்குப் பாதிப்பு, அரசு என்ன சொல்கிறது, எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வரிசையாகப் போகும். நீளம் சில நேரம் அதிகம்தான். ஆனால் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க முடிகிறது.

ஆகாசவாணிக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய ஒரு பாராட்டு உண்டு. 1998 முதல், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் இலவச நேரம் ஒதுக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. ஒரு அடிப்படை நேரம் எல்லோருக்கும் சமம், மீதி முந்தைய தேர்தல் வாக்குகளின்படி. விளம்பரத்துக்குப் பணம் இல்லாத கட்சிக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதிலும் 2024 தேர்தலின்போது ஒரு நெருடல் நடந்தது. மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்து 'வகுப்புவாத சர்வாதிகார ஆட்சி', 'கொடூரமான சட்டங்கள்' என்ற பொருளில் வந்த சொற்களை நீக்கச் சொன்னார்கள். தேர்தல் ஆணைய நெறிமுறைப்படிதான் செய்தோம் என்றது பிரசார் பாரதி. ஆங்கில உரையில் குறை கண்டவர்கள் அதன் இந்தி வடிவத்தில் எதையும் தொடவில்லையே என்று யெச்சூரி கேட்டார்.

பணமும் நியமனமும்

பிரிட்டனில் நேரலைத் தொலைக்காட்சி பார்க்கும் ஒவ்வொரு வீடும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது. பிபிசியின் உள்நாட்டுச் சேவைகளுக்கு முக்கிய வருமானம் அதுதான். நம் ஊரிலும் ஒரு காலத்தில் இது இருந்தது. தபால் அலுவலகத்தில் பணம் கட்டி ரேடியோ உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வைத்திருந்த வீடுகளை எனக்கு நினைவிருக்கிறது. 1980-களின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பிரசார் பாரதியின் சம்பளச் செலவு மத்திய அரசின் நிதியிலிருந்து வருகிறது. 1990-இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997-இல் நடைமுறைக்கு வந்தபோது தன்னாட்சி என்றார்கள். சம்பளம் கொடுப்பவர் மாறாமல் தன்னாட்சி எவ்வளவு தூரம் நடக்கும்?

ஆனால் இந்தக் காரணத்தை மட்டும் வைத்து பிபிசிக்கு ஓட்டுப் போட என்னால் முடியவில்லை. கட்டணம் எவ்வளவு என்று தீர்மானிப்பது பிரிட்டன் அரசுதான். பிபிசி இயங்க அடிப்படையான அரச சாசனத்தைப் புதுப்பிப்பதும் அரசுதான். இப்போதுள்ள சாசனம் 2027 டிசம்பர் வரைதான். பிபிசி தமிழ் அடங்கிய உலக சேவைக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகமும் நிதி தருகிறது. பிபிசியின் தலைவர் பதவிக்கு ஆளைப் பரிந்துரைப்பதும் அரசே. அப்படி வந்த ரிச்சர்ட் ஷார்ப், பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனின் கடன் ஏற்பாட்டில் தனக்கிருந்த பங்கை முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்ன பிறகு, 2023-இல் விலகினார். ஆக, பணத்திலும் நியமனத்திலும் இரண்டுக்கும் அரசின் கை உண்டு. அளவில்தான் வித்தியாசம்.

என்னைச் சாய்த்தது வேறு ஒன்று

செய்தியில் பிழை வராமல் இருக்காது. ஒரு பக்கம் சாய்வதும் நடக்கும். பிழையே இல்லாத நிறுவனத்தைத் தேடினால் கடைசிவரை கிடைக்காது. அதனால் பிழை நடந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். அங்கேதான் இரண்டும் வெகு தூரம் விலகி நிற்கின்றன.

2012 நவம்பரில் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி ஒரு சிறார் கொடுமை விவகாரத்தில் ஒரு மூத்த அரசியல்வாதியைத் தவறாகச் சம்பந்தப்படுத்திவிட்டது. பெயரைச் சொல்லவில்லை, ஆனாலும் இணையத்தில் பெயர் பரவியது. நவம்பர் 10-ஆம் தேதி காலை, பிபிசியின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசிலை, பிபிசியின் சொந்த வானொலி நிகழ்ச்சியிலேயே ஜான் ஹம்ஃப்ரிஸ் பேட்டி எடுத்தார். அந்த நிகழ்ச்சி வருவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியாதா, அது தவறு என்று நேற்றுப் பத்திரிகையில் வந்த செய்தியைக்கூடப் படிக்கவில்லையா என்று விடாமல் கேட்டார். என்ட்விசிலிடம் பதில் இல்லை. அன்று இரவே பதவி விலகினார், பொறுப்பேற்று 54 நாள்தான் ஆகியிருந்தது. தன் சம்பளத்தைத் தீர்மானிக்கும் நிறுவனத்தின் தலைவரிடம் ஒரு ஊழியர், நேரலையில், நாடே கேட்கும்போது அப்படிக் கேள்வி கேட்டார். பேட்டியின் பதிவைக் கேட்டபோது நான் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டேன்.

இது ஒரே ஒரு நிகழ்வு இல்லை. இராக் போருக்காக பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆவணம் குறித்த செய்தியில் பிழை என்று நீதிபதி ஹட்டனின் விசாரணை சொன்னபோது, 2004 ஜனவரியில் பிபிசியின் தலைவரும் தலைமை இயக்குநரும் அடுத்தடுத்து விலகினார்கள். 2017-இல் பருவநிலை மாற்றம் பற்றிய ஒரு பேட்டியில் பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன் சொன்ன தவறான கூற்றைப் பேட்டியாளர் மறுக்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த வருடம் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமும் அது விதிமீறல்தான் என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில், டிரம்ப்பின் உரையை பனோரமா நிகழ்ச்சியில் வெட்டி ஒட்டிய விதத்துக்காகத் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவின் தலைவர் டெபோரா டர்னெஸும் ராஜினாமா செய்தார்கள். அந்த ராஜினாமாவையே அன்றைய முதல் செய்தியாகப் போட்டதும் பிபிசிதான்.

எல்லாம் சரியாகவே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இளவரசி டயானாவின் 1995 பேட்டியை எந்த ஏமாற்று வழியில் பெற்றார்கள் என்பது முழுமையாக வெளிவர 2021 ஆயிற்று. கால் நூற்றாண்டு தாமதம். 2019-இல் டிரம்ப்பின் இனவாதப் பேச்சு பற்றித் தன் அனுபவத்தைச் சொன்ன பிபிசி தொகுப்பாளர் நாகா முன்செட்டி மீதான புகாரைப் புகார்ப் பிரிவு ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பு வலுத்ததும் தலைமை இயக்குநரே அதை மாற்றினார். தீர்ப்பும் தடுமாறும் என்பதற்கு அது உதாரணம். ஆனாலும் புகார் கொடுத்தால் ஒரு பிரிவு விசாரிக்கிறது, முடிவைக் காரணத்தோடு வெளியிடுகிறது, திருப்தி இல்லாவிட்டால் ஆஃப்காமுக்குப் போகலாம். பிழைக்கு ஒரு பேரேடு இருக்கிறது, அதை யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

இந்தப் பக்கம் வருவோம். பிரசார் பாரதி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் புகார்களைக் கேட்பதற்கென்றே ஒரு ஒலிபரப்பு மன்றம் இருக்கிறது. 13-ஆம் பிரிவில் நாடாளுமன்றக் குழு ஒன்றும் இருக்கிறது. படித்தபோது எனக்கு ஆச்சரியம், நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டும் காகிதத்தைத் தாண்டி வந்து செயல்படவில்லை. அதனால் காலைச் செய்தியில் ஏதாவது தவறு என்றால் கடிதம் எழுதலாம், மின்னஞ்சல் அனுப்பலாம். பதில் வந்தாலும் அது உங்களோடு முடிந்துவிடும். 'நேற்று நாங்கள் சொன்னது தவறு' என்று செய்தியறிக்கையில் ஒரு வரி வந்து நான் கேட்டதில்லை.

ஆகாசவாணியின் பெரிய பிழைகள் வெளியே வந்த விதத்தைப் பாருங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் அது எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதற்கு அதிகாரப்பூர்வ ஆவணமாக நம்மிடம் இருப்பது, 1977-இல் ஜனதா அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை. அதாவது ஆட்சி மாறியதால்தான் கணக்கு வெளியே வந்தது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்த செய்தியை பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது, ஆகாசவாணி மாலையில்தான் சொன்னது. வங்காளத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பிபிசியைத்தான் திருப்பினார். அன்று எங்கள் தெருவிலும் அப்படித்தான். ரேடியோ வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் கூடி நின்றது நினைவிருக்கிறது. அந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று அந்த நிறுவனம் எங்களிடம் ஒருநாளும் பேசவில்லை.

இந்த ஒன்றுக்காகத்தான் அரசியலுக்கு பிபிசி என்று முடிவெடுத்தேன். மற்றதிலெல்லாம் கிட்டத்தட்டச் சமம் என்றுகூட விட்டுக்கொடுப்பேன்.

சில இடங்களில் என் அனுபவம் குறைவு. டிடியின் இந்தி, ஆங்கிலச் செய்திகளை நான் தொடர்ந்து பார்த்தவன் இல்லை, என் கருத்து தமிழ்ச் செய்திகளை வைத்துத்தான். பிபிசியின் உள்நாட்டு நிகழ்ச்சிகளுக்கு இருக்கும் அதே கண்டிப்பு பிபிசி தமிழுக்கும் நடைமுறையில் கிடைக்கிறதா என்பதிலும் எனக்கு முழு உறுதி வரவில்லை. 2024 ஏப்ரல் முதல், இந்திய மொழிகளில் பிபிசிக்காகச் செய்தி தயாரிப்பது கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற இந்திய நிறுவனம். அந்நிய முதலீட்டு விதி காரணமாக வந்த ஏற்பாடு அது. கட்டுரைகளின் தரம் குறைந்ததாக எனக்குப் படவில்லை, ஆனால் இரண்டு வருடப் பழக்கத்தை வைத்து உறுதியாகப் பேச முடியாது. இன்னொன்று, நம் மாவட்டச் செய்தி வேண்டுமென்றால் பிபிசி உதவாது. பஞ்சாயத்துத் தேர்தலும் பாசனக் கால்வாயும் அதில் அபூர்வமாகத்தான் வரும்.

அதனால் காலை ரேடியோவை நான் விடவில்லை. செய்தியறிக்கையில் ஒரு சட்டம், ஒரு ஒப்பந்தம், ஒரு அமைச்சரின் பேச்சு வந்தால் குறித்துக்கொள்கிறேன், மாலையில் பிபிசியில் தேடுகிறேன். அந்த 14-ஆம் பிரிவு மன்றத்தை யாராவது அமைத்து, அதன் முதல் தீர்ப்பை அதே காலைச் செய்தியில் வாசித்தால், அன்றைக்கு இந்த ஒப்பீட்டை மறுபடி எழுதுகிறேன்.